உனக்காக நின்ற நாளுக்கு வைத்த இங்கிலீஷ் பெயர்

என் கண்ணான மச்சான் வரதா, உயிரோடு இருந்தவரை என் பேச்சைப் பாதியில் வெட்டியவனே, இனி முழுசாகக் கேட்கப் போகிறவனே,

நான் எல்லப்பன் எழுதுகிறேன். யாரையோ உட்காரவைத்து, சொல்லச் சொல்ல எழுதவைக்கிறேன் என்றுதான் நினைப்பாய். இல்லை. என் கை, என் பென்சில், என் எழுத்து. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுகிறேன். உன் பெண்டாட்டி, என் தங்கை கன்னியம்மா, பக்கத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள்.

"இன்னாண்ணா, பேய் புட்ச்சவன் மாதிரி நீயே பேசிக்கினு கீறே?"

"பேயாண்டதான் பேசிக்கினு கீறேன், உம் புருசனாண்ட" என்றேன். முறைத்துவிட்டு எழுந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "இன்னா எழுதினே, படி" என்றாள்.

எழுத்து என்றால் என்ன சந்தோஷம் மச்சான்! இந்த வயதில் எனக்கு இப்படி ஒன்று கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. 'ழ' போடும்போது அடியில் தூண்டில் முள்ளை வளைக்கிற மாதிரி வளைக்கவேண்டும். 'ஞ' இன்னும் எனக்கு அடங்கவில்லை, சிக்கிய வலை மாதிரிதான் வருகிறது. உன் பெயரை முதன்முதலாக வாசலில் கரித்துண்டால் எழுதிப் பார்த்த அன்று, யாராவது மிதித்துவிடுவார்களோ என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மழை வந்து அழித்தது. மறுபடி எழுதினேன்.

இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ரத்தினம் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவர். "நீ எழுது நைனா, நா கோக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். ஆகையால் முன்பின் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே சிலது திரும்பச் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதே.

எழுதுவதற்குக் காரணம் இரண்டு. ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். நீ செத்த மறுநாள் அது நம் குப்பத்துக்குள் வந்தது, நாம் கூப்பிடாமலே. இன்னொன்று, நம் குப்பத்தில் ஒருவர் செத்தால் எல்லோரும் வேலையை விட்டு நிற்கிறோமே, அந்த வழக்கம் பிழைக்குமா சாகுமா என்று நீ போனதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் முடிவையும் உனக்குச் சொல்லவேண்டும். முதலாவதைச் சொல்ல ஆசையாக இருக்கிறது. இரண்டாவதைச் சொல்லக் கை வரவில்லை. எழுத எழுத வரும் என்று நினைக்கிறேன்.

ராயபுரத்துக் கடலோரத்தில் எங்களுடையது சின்னக் குப்பம். அங்கே ஓர் உயிர் போனால் அன்று கட்டுமரம் இறங்காது. பெரியவர் சின்னவர், வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்ப்பதில்லை. தொட்டில் பிள்ளை போனாலும் அதேதான். யாராவது ஒருவர் மணலில் நின்று, "இன்னிக்குக் கடல் இல்ல" என்று சொல்வார். அவ்வளவுதான். கடல் அங்கேயேதான் இருக்கும். மீனும் இருக்கும். நமக்கு மட்டும் அன்றைக்கு அது கிடையாது.

பிறகு கப்பல் வந்து நிற்க ஆர்பர் கட்டுவதற்குக் கல்லைக் கொண்டுவந்து கடலில் கொட்டினார்கள். அவர்கள் பக்கம் மணல் சேர்ந்தது. நம் பக்கம் கடல் மணலைத் தின்ன ஆரம்பித்தது. கட்டுமரத்தை இழுத்துப் போட இடமில்லாமல் போனதும் நாம் கரிக்கிடங்குக்கு நடந்தோம். தலையில் கரிக்கூடை, காலுக்குக் கீழே பலகை, பலகைக்குக் கீழே தண்ணீர். கப்பலுக்குக் கரி ஏற்றுகிற வேலை. நம் கூட்டத்துக்கு நான் தண்டல், ஆட்களுக்கு வேலை சொல்லுகிறவன். நீ பாட்டுக் கொடுப்பவன். உன் குரலுக்குத்தான் எல்லோர் காலும் போகும்.

கடலை விட்டோமே தவிர வழக்கத்தை விடவில்லை. சாவு விழுந்தால் கிடங்குக்கும் போகமாட்டோம். அங்கே கடல் எங்கே இருக்கிறது, கரிதானே? இருந்தாலும் வாயில் வருவது "கடல் இல்ல" என்றுதான். பழைய ஓவர்சியர் கண்டுகொள்ளமாட்டார். மறுநாள் சேர்த்துத் தூக்கிவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். அவர் போய்ப் புது ஆள் வந்த பிறகு விழுந்த முதல் சாவு உன்னுடையது.

அன்று பலகை ஈரம். நீயும் கூடையும் சேர்ந்துதான் விழுந்தீர்கள். கூடை மட்டும் மேலே வந்தது. பொழுது சாய்ந்துதான் உன்னை எடுக்க முடிந்தது. முகத்தில் ஒரு பொட்டுக் கரி இல்லை, கடல் சுத்தமாகக் கழுவி அனுப்பியிருந்தது. கன்னியம்மா முதலில் உன்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சாயங்கால வேளையில் அவள் உன்னை அப்படி வெளுத்த முகத்தோடு பார்த்ததே இல்லையே.

மறுநாள் விடிந்ததும் நான்தான் மணலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னேன். எல்லோரும் உன் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். வெயில் ஏறியதும் கிடங்கிலிருந்து பியூன் ஓடிவந்தான்.

"யோவ் தண்டல், கப்பலு நின்னுக்கினு கீது. கரி ஏத்துனாத்தான் கெளம்பும். ஓவர்சியரு குதிக்கிறாரு. ஸ்டிரைக்கா பண்றீங்கோ?"

"அப்டின்னா இன்னா?"

"அது எனுக்கும் தெரியாது. அவுருதான் கேட்டுக்கினு வரச் சொன்னாரு. ஸ்டிரைக்கா இல்லியா, ஒரே வார்த்தையில சொல்லு."

"சாவுப்பா" என்றேன். "ஒரே வார்த்தைதான்."

அவன் உன்னைப் பார்த்தான். தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கொஞ்சம் நின்றான். பிறகு போய்விட்டான். நல்லவன்தான். ஆனால் அங்கே போய் என்ன சொன்னானோ!

உன்னை அடக்கம் செய்துவிட்டு அடுத்த நாள் போனோம். கிடங்கு வாசல் சாத்தியிருந்தது. உள்ளே வேறு கூட்டம் பலகை ஏறிக்கொண்டிருந்தது, எங்கிருந்தோ கொண்டுவந்த ஆட்கள், பாட்டு இல்லாமல், ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு. மேஸ்திரி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னான்: "பேரு அட்ச்சாச்சு. எல்லார் பேரும். ஸ்டிரைக்கு பண்ணவனுக்கு இங்க இடம் இல்ல."

வேலை போனது இப்படித்தான். எழுத்து வந்ததும் இப்படித்தான். வேலை இருந்திருந்தால் எனக்கேது நேரம்?

ரத்தினம் மீன் வாங்க வருகிறவர். புளியந்தோப்பு ஆள். நீயும் பார்த்திருக்கிறாய், விரல் நுனியெல்லாம் மையாக இருக்கும், கன்னியம்மாவிடம் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசுவார். நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "வேலைக்கிப் போவலியா நைனா?" என்று கேட்டார்.

"நாங்க ஸ்டிரைக்காம்."

"ஸ்டிரைக்காமா? யாரு சொன்னா?"

"அவங்க சொன்னாங்கோ. எங்களுக்குத் தெரியாது. படிச்சவரு நீ சொல்லேன், அப்டின்னா இன்னா?"

அவர் சிரிக்கவில்லை. சாயங்காலம் புளியந்தோப்புக்கு வரச் சொன்னார். அங்கே புத்தர் கோயிலுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் அவர் பெரிய ஆட்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். மில்லுக்குப் போகிறவன், சுண்ணாம்பு அடிக்கிறவன், குதிரைக்குப் புல் போடுகிறவன் எல்லோரும் தரையில் உட்கார்ந்து 'அ' போடுகிறார்கள். அர்த்தம் கேட்கப் போனவன் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அவரிடம் ஒரு இங்கிலீஷ் அகராதி இருக்கிறது, மச்சான். நம் வீட்டு அம்மிக்கல் அளவு. அதைத் திறந்து விரலை ஓட்டிக்கொண்டே போனார். விரல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

"எந்த ஸ்டிரைக்கு வோணும் நைனா? ஒரு தெருவே கீது இங்க."

"மொதல் வூட்லேர்ந்து வா."

"மொதல் வூட்ல அடிக்கிறதே கெடையாது. ஆதியில இதுக்கு அர்த்தம், கையால மெதுவா தடவிக்கினு போறது. பூனையத் தடவுறோமே, அந்த மாதிரி."

நான் சிரித்த சிரிப்பில் புல்லுக்காரன் எழுதிக்கொண்டிருந்த 'ஆ'வை நீட்டி இழுத்துவிட்டான். "அப்போ நாங்க கப்பலத் தடவிக் குடுத்தோம்னா பேரு அட்ச்சான்?"

ரத்தினமும் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். தடவுகிற கைதான் நாளடைவில் வழிக்கிற கை ஆனதாம். படியில் அரிசி அளக்கும்போது மேலே கும்பலாக இருப்பதைக் குச்சியால் வழித்துவிடுகிறார்களே, அந்தக் குச்சிக்கு வெள்ளைக்காரர்கள் ஊரில் ஸ்டிரைக் என்றே பெயராம். வழிக்கிற கைதான் பிறகு ஓங்குகிற கை ஆனதாம்.

"தடவுன கை எப்போ அடிக்க ஆரம்பிச்சுது?" என்று கேட்டேன்.

"அத்த இந்த புக்கு சொல்லல நைனா."

அதை யாராவது எழுதி வைத்திருக்கவேண்டாமா? அதுதானே முக்கியமான சேதி?

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பெரிய குடும்பம் இருக்கும் என்று நான் கண்டேனா? அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் பாடம் முடிந்ததும் அந்தத் தெருவில் ஒரு வீடு, இரண்டு வீடு பார்ப்போம். கடிகாரம் மணி அடிப்பதும் அதுதான். பீடிக்குத் தீக்குச்சி கிழிப்பதும் அதுதான். பாம்பு கொத்துவதும், இடி விழுவதும், காசு அச்சடிப்பதும் அதுதான். வெட்டி நட்ட கிளை வேர் பிடிக்கிறதே, அதையும் இதே வார்த்தையால் சொல்கிறார்களாம். அடிப்பது எங்கே, வேர் பிடிப்பது எங்கே! எழுதிய பெயரைக் கோடு போட்டு அடிப்பதும் அதே. ஆக நாம் நின்றதற்கும் அதே சொல், அதற்காக அவன் நம் பெயரை அடித்ததற்கும் அதே சொல்.

நமக்கும் ஒரு 'அடி' இருக்கிறதே என்று நான் ரத்தினத்திடம் சொன்னேன். வெயில் அடிக்கும், காற்று அடிக்கும், மணி அடிக்கும், பேரையும் அடிப்பார்கள். அவர் சந்தோஷப்பட்டு அதை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார். நான் சொன்னதை ஒருவர் குறித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மீன் வீடு ஒன்றும் அந்தத் தெருவில் இருந்தது. மீன் இரையைக் கவ்வியதும் முள் ஏறுவதற்காகக் கயிற்றை வெடுக்கென்று இழுப்போமே, அதற்கும் ஸ்டிரைக் என்றே பெயர். அதைப் படித்த அன்று நீ இல்லையே என்று இருந்தது. அப்படி இழுப்பதில் உனக்கு ஈடு நம் கரையில் யார்?

தெருக்கோடியில்தான் நம்முடையது என்று அவர்கள் சொன்ன வீடு வந்தது. ரத்தினம் அன்று நிதானமாகப் படித்தார். கப்பல்காரர்கள் பாயை இறக்குவதற்கும் அந்த வார்த்தைதானாம். ரொம்பக் காலத்துக்கு முன்பு லண்டன் ஆற்றில், கூலி போதவில்லை என்று கப்பல்காரர்கள் பாய்களை இறக்கிப் போட்டார்களாம். பாய் இல்லாமல் கப்பல் எப்படி நகரும்? அது முதல், யார் வேலையை நிறுத்தினாலும் அந்தப் பெயர்தானாம். மில்லில் நிறுத்தினாலும் பாய் இறக்கியதுதான். கிடங்கில் நிறுத்தினாலும் பாய் இறக்கியதுதான்.

நீயும் நானும் எத்தனை முறை இறக்கியிருக்கிறோம்! எண்ணூர் முகத்துவாரத்துக்கு நேரே காற்று திரும்பிய அன்று, நீ கத்தினாய், நான் கயிற்றை அவிழ்த்தேன், பாய் நம் இரண்டு பேர் தலையிலும் ஈரக்கோணி மாதிரி விழுந்தது. அது யார்மேல் கோபம்? இறக்காவிட்டால் கவிழ்ந்துவிடுவோம், அதனால் இறக்கினோம். பாயை இறக்குகிறவன் சண்டைக்காரன் இல்லை, மச்சான். உயிரோடு கரைக்கு வர நினைக்கிறவன்.

அன்று எனக்குப் பைத்தியக்கார நம்பிக்கை ஒன்று வந்தது. இந்த அர்த்தத்தையெல்லாம் கிடங்கில் போய் எடுத்துச் சொன்னால் என்ன? நாங்கள் கூலி கேட்டு நிற்கவில்லை, செத்தவனுக்காக நின்றோம், இந்தத் தெருவில் எங்கள் வீடே இல்லை, நீங்கள் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு எங்கள் பெயரை அடித்துவிட்டீர்கள் என்று சொன்னால்? ரத்தினத்தையும் அழைத்துக்கொண்டு போனேன். ஓவர்சியர் பார்க்கவில்லை. மேஸ்திரி மட்டும் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். ரத்தினம் எல்லாவற்றையும் அழகாகச் சொன்னார், பாய் வரைக்கும்.

மேஸ்திரி பல் குத்திக்கொண்டே கேட்டான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்:

"பெர்சு, பேரு இன்னாவா இருந்தா இன்னா? கப்பலு நின்னுச்சா, இல்லியா?"

நின்றது. நானும் ரத்தினமும் திரும்பி நடந்தோம்.

கன்னியம்மா விற்கிற மீனில் எத்தனை வீடு சாப்பிடும்? கடலுக்குப் போகலாம் என்றால் கட்டுமரம் இருப்பது நாலைந்து வீட்டில். உன் மகன் மாரியின் பெண்டாட்டி அப்போது மாசமாக இருந்தாள். கடைசியில் கிடங்கிலிருந்தே சேதி வந்தது. பாட்டு இல்லாத கூட்டத்தை வைத்துக்கொண்டு அவர்களாலும் சமாளிக்க முடியவில்லை போலிருக்கிறது. எல்லோரையும் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம், தண்டலைத் தவிர. ஒரே நிபந்தனை. இனி சாவு என்று யாரும் நிற்கக்கூடாது. செத்தவனுக்கு மகனோ கூடப் பிறந்தவனோ ஆனால் ஒரு நாள் விடுவார்கள். மற்றவர்கள் வரவேண்டும்.

அம்மன் கோயிலுக்கு முன்னால் கூடினோம். எனக்கு வேலை போனது பெரிதில்லை, 'கடல் இல்ல' என்கிற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்.

உன் மகன்தான் எழுந்தான். "மாமு, நைனா போனாரு. அழுதேன். இன்னமும் அழுவுறேன். அதுக்கோசரம் எவ்ளோ நாளு அடுப்பு எரியாம கெடக்கணும்? நைனாவே இருந்தா, போடான்னு சொல்லியிருப்பாரு. சொல்லியிருக்க மாட்டாரு?"

நீ சொல்லியிருப்பாயா, வரதா? எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

வலை பின்னுகிற செங்கேணி கையைத் தூக்கினார். அவருக்கு யாரும் இல்லை என்பது உனக்குத் தெரியும். "எனுக்கு ஒரு டவுட்டு. நா செத்தா அந்த ஒரு நாளு லீவு யாருக்குக் குடுப்பாங்கோ? புள்ளையும் இல்ல, தம்பியும் இல்ல."

"நீ எங்க பெர்சு சாவப் போறே?" என்றான் ஒருவன். "உன்ன இட்டுக்கினு போறதுன்னா எமனுக்கே பேஜாரு. மேல போயி வல சரியில்லன்னு சொல்லுவே."

எல்லோரும் சிரித்தார்கள். செங்கேணியும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு கூட்டம் கலைந்திருக்கும். ஆனால் கன்னியம்மா என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, அந்த மன்சனுக்கோசரம் நின்னீங்கோ. மறக்கமாட்டேன். போதும். எம் புள்ளைய இன்னொருத்தருக்கோசரம் நிக்க வெக்காதே."

தாலி அறுத்தவள் கேட்கிறாள். சரி என்று தலையாட்டினேன். மறுநாள் காலையில் கிடங்கு வாசலில் ஒவ்வொருவனாக அந்த வாக்கைச் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். மாரி பாட்டு எடுத்தான். தெரு வரைக்கும் கேட்டது. உன் குரலேதான் அவனுக்கு.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் யாரும் சாகவில்லை. மாரிக்குப் பெண் பிறந்தது. உன் மூக்கு. நானும் மறந்துவிட்டவன் போல 'ஞ'வோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தேன். யாராவது செத்தால் அன்றைக்குப் பார்க்கலாம், வாக்காவது ஒன்றாவது, ஒருவன் உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள் என்று மனசின் ஓரத்தில் நினைப்பு.

போன வாரம் செங்கேணி போய்விட்டார். வலையை மடியில் வைத்தபடி, சுவரில் சாய்ந்தபடி. வெற்றிலை கொடுக்கப் போன கன்னியம்மாதான் பார்த்தாள்.

நான் மணலில் போய் நின்றேன். அந்த வார்த்தையைச் சொன்னேன். ஆட்கள் கிடங்குக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரம். எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாரி மட்டும் கிட்டே வந்தான். "மாமு, எனுக்கு அவரு இன்னா ஒறவுன்னு அங்க கேப்பாங்கோ. நா இன்னான்னு சொல்றது?" என்றான். பதில் சொல்ல எனக்கு அவகாசம் கொடுத்து நின்றான். பிறகு போய்விட்டான்.

பாடை தூக்க நாலு பேர் வேண்டுமே? நானும் இரண்டு கிழவர்களும்தான். ரத்தினத்துக்குச் சொல்லி அனுப்பினேன். அச்சாபீசில் சொல்லிவிட்டு, மையைக்கூடத் துடைக்காமல் வந்து நின்றார். கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள், புளியந்தோப்பு ஆள் நம் பாடையைத் தொடுவதாவது என்று.

கன்னியம்மா திரும்பினாள். "தூக்க ஆளில்ல. வந்து தூக்குறவன இன்னா ஜாதின்னு கேக்குறியா? நீ தூக்குறியா? வா, இந்தா, தோளக் குடு."

முணுமுணுத்தவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

சங்கு மட்டும் ஊதிக்கொண்டு போனோம். பறை அடிக்கிறவர்கள்கூட வேலைக்குப் போயிருந்தார்கள். என் தோள் தாங்கவில்லை, இரண்டு இடத்தில் இறக்கி வைத்தோம். கிடங்கு வேலியை ஒட்டித்தானே சுடுகாட்டுப் பாதை? கம்பிக்கு அந்தப் பக்கம் பலகைகள் தெரிந்தன. நம் ஆட்கள் வரிசையாகக் கூடையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். மாரி பாடிக்கொண்டிருந்தான்.

சங்குச் சத்தம் அவர்களுக்குக் கேட்டது. பாட்டு நின்றது.

கால் நிற்கவில்லை, மச்சான். கால் போய்க்கொண்டேதான் இருந்தது. பாட்டு மட்டும் நின்றது. அத்தனை ஆட்களும் வாயைத் திறக்காமல், தலையைத் திருப்பாமல், கரியைச் சுமந்துகொண்டு பலகை ஏறினார்கள். நாங்கள் கீழே நடந்தோம். எனக்கு முன்னால் இருந்த ரத்தினம் திரும்பிப் பார்த்தார். அது செங்கேணிக்காக என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

"இன்னாடா, வாயில கொழக்கட்டயா? பாட்டு எங்க?" என்று மேஸ்திரி கத்தினான்.

நாங்கள் வேலி முனை திரும்புவதற்குள் மாரி மறுபடி பாட ஆரம்பித்துவிட்டான். முதலில் மெதுவாக. பிறகு வழக்கம் போல.

அவனைக் குறை சொல்லாதே. நானும் சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் அவன் வாயை மூடியதற்கு என்ன பெயர் என்று மட்டும் அன்று சாயங்காலம் ரத்தினத்திடம் கேட்டேன். அவ்வளவு பெரிய தெருவில் அதற்கு ஒரு வீடு இருக்காதா? அவர் அகராதியைத் திறக்கவே இல்லை. "இருக்காது நைனா" என்றார்.

இனி அந்த வழக்கம் இல்லை என்று நான் தெரிந்துகொண்டேன். அடுத்த சாவுக்குப் பாட்டுகூட நிற்காது. அதற்கடுத்த சாவில், பாட்டு நின்றது என்பதே யாருக்கும் நினைவிருக்காது. கடலும் இந்த ஐப்பசியில் இன்னும் கிட்டே வந்துவிட்டது. செங்கேணி உட்கார்ந்திருந்த சுவரின் அடியில் இப்போது அலை வந்து போகிறது. மாரியின் மகள் வளர்ந்து நிற்கும்போது நிற்பதற்குக் குப்பமே இருக்குமா தெரியவில்லை. அவளுக்கு நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவேன். எழுத்து சோறு போடுமா என்று கன்னியம்மா கேட்கிறாள். போடாது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் 'அ' போடும்போது வருகிற சந்தோஷத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

எனக்காக யாரும் நிற்கமாட்டார்கள். அது தெரிந்துவிட்டது, அதில் பயமும் இல்லை. உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன். கொடுப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். எனக்கு இப்போது இருப்பது இந்த ஒரே வேலைதான். ஒரு நாள் எழுதாவிட்டால் மறுநாள் கை தடுமாறுகிறது, சாப்பாடு இறங்குவதில்லை. கள்ளைவிட மோசம்.

இனி நம் குப்பத்தில் யார் போனாலும், பிள்ளை உள்ளவரோ இல்லாதவரோ, அன்றைக்கு நான் பென்சிலைத் தொடமாட்டேன். அதனால் எந்தக் கப்பலும் நிற்காது. எந்த ஓவர்சியரும் ஆள் அனுப்பிக் கேட்கமாட்டார். யாருக்கும் தெரியவே தெரியாது. இருந்தாலும் நான் செய்வேன். செங்கேணிக்குத் தரவேண்டிய அந்த ஒரு நாளைத்தான், இதை எழுதுகிற ஆசையில் தள்ளிப்போட்டுவிட்டேன். நாளைக்கு அதைத் தருவேன், பென்சிலைத் தொடாமல். அதனால்தான் வெளிச்சம் போவதற்குள் அவசரமாக முடிக்கிறேன். இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது.

உன் கன்னியம்மாவின் அண்ணன்,
உன் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு எழுதுகிற உன் மச்சான்
எல்லப்பன்